30 எம்.எல்.டி. குடிநீர்த் திட்டம்: எடுக்காத தண்ணீருக்கும் பணம் கட்டு என்ற ஷரத்து சரியா?

வார்டு12:
வணக்கம். 1.2 லட்சம் மக்கள்தொகை உள்ள நகராட்சி. அரசு–தனியார் கூட்டில் ஒரு குடிநீர்த் திட்டத்தின் வரைவு ஒப்பந்தம் நகர்மன்றத்துக்கு வருகிறது. ஆற்றில் நீரெடுத்துச் சுத்திகரித்து, 22 கி.மீ. குழாய் வழியாக நகராட்சியின் தரைமட்டத் தொட்டியில் சேர்ப்பது தனியார் வேலை. அதற்குப் பிறகு மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், வீட்டு இணைப்பு, வசூல் எல்லாம் நகராட்சியின் தலையில்.

முக்கிய ஷரத்துகள்: கொள்ளளவு 30 எம்.எல்.டி. (நாளுக்கு 3 கோடி லிட்டர்), காலம் 25 ஆண்டு, கிலோ லிட்டருக்கு (1,000 லிட்டர்) 20 ரூபாய், ஆண்டுதோறும் 5% உயர்வு. 'டேக் ஆர் பே' 90%, அதாவது எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தினமும் 27 எம்.எல்.டி.க்குப் பணம். எங்கள் பகிர்மான வலைப்பின்னல் தாங்குவது இப்போதைக்கு 18 எம்.எல்.டி.தான். இதில் எதைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம்? ஒப்பந்தங்களைப் படித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
முதலில் 30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு மத்தியக் கையேடு சொல்லும் அளவு தலைக்கு 135 லிட்டர். 1.2 லட்சம் பேருக்கு 16.2 எம்.எல்.டி. கசிவு 15% என்று வைத்தால் 19. இன்றைய தேவை அவ்வளவுதான். 30 எம்.எல்.டி. என்பது சுமார் 1.9 லட்சம் பேருக்கான அளவு. முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் ஊருக்குக் கட்டுகிறார்கள். நிலையம் கட்ட அது நியாயம். ஆனால் அந்த ஊருக்கான பில் முதல் மாதமே உங்களுக்கு வருகிறது. கோளாறு அங்கே இருக்கிறது.

இப்போதுள்ள வரைவுப்படி, 18,000 கிலோ லிட்டர் எடுத்தாலும் கட்டவேண்டியது 27,000 × 20 = நாளுக்கு 5,40,000 ரூபாய். எடுத்த தண்ணீருக்குக் கணக்கிட்டால் கிலோ லிட்டர் 30 ரூபாய். அதோடு நிற்காது. தெருக்குழாயில் கசிவும் கணக்கில் வராத இணைப்பும் சேர்ந்து 40% போகிறதென்றால், பில் போடக்கூடிய தண்ணீர் 10,800 கிலோ லிட்டர். அதற்கு 50 ரூபாய் விழுகிறது. நகர்மன்றத்தில் வைக்கவேண்டிய எண் இந்த 50. டெண்டரில் தெரியும் 20ஐ வைத்துப் பேசினால் ஏமாந்துபோவீர்கள்.

திருத்தம் ஒன்று: விலையை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நிலையக் கட்டணம் (கடன், பங்குதாரர் லாபம், நிரந்தர ஊழியர், பராமரிப்பு) 14 ரூபாய். மாறும் கட்டணம் (மின்சாரம், படிகாரம், குளோரின்) 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டேக் ஆர் பே முதல் பகுதிக்கு மட்டும். அப்போது 14 × 27,000 = 3,78,000; 6 × 18,000 = 1,08,000; மொத்தம் 4,86,000. நாளுக்கு 54,000 குறைகிறது, ஆண்டுக்கு ஏறத்தாழ 1.97 கோடி. ஓடாத பம்புக்கு மின்சாரம் செலவாகாது, போடாத படிகாரத்துக்கு விலை கிடையாது. அதற்குப் பணம் கேட்பதில் எந்த நியாயமும் இல்லை. எந்த ஏலதாரரும் இதை மறுத்து வாதாட முடியாது.

இரண்டாவது 5% உயர்வு. முழு 20 ரூபாய்க்கும் ஆண்டுக்கு 5% ஏற்றினால் 25ஆம் ஆண்டில் 64.50. ஆனால் அந்த 14 ரூபாயில் 10 ரூபாய் கடனும் மூலதனமும். முன்பே கட்டி முடித்த கட்டடத்தின் விலை ஆண்டுதோறும் ஏறாது. ஊழியர், பராமரிப்பு, மின்சாரம், ரசாயனம் ஆகிய மீதி 10 ரூபாய்க்கு மட்டும் 5% கொடுத்தால் கடைசி ஆண்டில் 42.25. உடனே ஏலத் தொகை கொஞ்சம் கூடி வரும், அதையும் எதிர்பாருங்கள். அதனால்தான் முதலாண்டு விலையை ஒப்பிடாமல் 25 ஆண்டுத் தொகையின் இன்றைய மதிப்பை (பின்னால் கட்டும் பணத்தை இன்றைய பணமாக மாற்றிய தொகை) வைத்து ஏலத்தை ஒப்பிடவேண்டும் என்பது.

மூன்றாவது, 30ஐ ஒரே தவணையில் கட்டவேண்டாம். நீரெடுப்புக் கிணறும் 22 கி.மீ. குழாயும் முழு அளவுக்கு இருக்கட்டும். அதைப் பிறகு தோண்டிப் பெரிதாக்க முடியாது. வடிகட்டியும் பம்பும் 20 + 10 என இரண்டு கட்டம். ஆறு மாதச் சராசரி எடுப்பு 17 எம்.எல்.டி.யைத் தொட்டால் இரண்டாம் கட்டத்துக்கு உத்தரவு.

நொய்யல்கரை:
டேக் ஆர் பே பற்றி யாராவது பேசினால் திருப்பூரைப் பற்றிப் பேசாம விடமுடியாதுங்க. இந்தியாவில் குடிநீர், தொழில்நீர் இரண்டுக்கும் சேர்த்துத் தனியார் பங்களிப்பில் வந்த முதல் பெரிய திட்டம் அது. 1995இல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்று தனி நிறுவனம். தமிழக அரசு, ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் எல்லாம் பங்காளிகள். பவானி ஆற்றிலிருந்து 185 எம்.எல்.டி., 30 ஆண்டு உரிமை, சுமார் 1,000 கோடி முதலீடு. 2005–06 வாக்கில் தண்ணீர் வந்தது.

கணக்கு எப்படிப் போட்டாங்க என்றால், சாயப்பட்டறைகளுக்குக் கிலோ லிட்டர் 45 ரூபாய், வீடுகளுக்கு 5 ரூபாய் அளவில். பட்டறை கட்டும் பணத்தில்தான் வீட்டுக்கும் கிராமத்துக்கும் மலிவாகத் தண்ணீர். லாரித் தண்ணீருக்கு அலைஞ்ச காலத்தில் 45 ரூபாயை யாரும் பெரிசா எடுத்துக்கலை.

அதற்கப்புறம் நொய்யல் ஆற்று மாசு வழக்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்னு போச்சு. நல்ல விலை கொடுத்த வாடிக்கையாளர் போனதும் கடனைக் கட்ட வருமானம் இல்லை, கடன் மறுசீரமைப்பு வரைக்கும் போக வேண்டியதாச்சு.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: திரும்பத் திறந்த பட்டறைகளுக்குப் பழைய அளவு தண்ணீர் தேவைப்படலை. 'கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது' என்ற விதிப்படி ஆர்.ஓ. வைத்து, ஆவியாக்கி, சாயத்தண்ணியில் பெரும்பகுதியைத் திரும்பப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. அந்த விதியே புதுத் தண்ணீருக்கான தேவையைக் குறைக்கும். தேவைக் கணிப்பு போட்டவங்க பட்டறை வளர்ச்சியைப் பார்த்தாங்க, மாசுக் கட்டுப்பாட்டு விதி எங்கே போகும் என்று பார்க்கலை.

உங்க வரைவிலும் 30இல் ஒரு பகுதி சிப்காட்டுக்கோ கல்லூரிக்கோ வணிக விலையில் விற்கலாம் என்று எழுதியிருந்தா, அந்த வருமானம் பாதியானால் யார் தாங்குவது என்று முதலில் கேளுங்க.

வார்டு12:
நன்றி. ஆலோசகர் சொல்வது: "டேக் ஆர் பே இல்லாவிட்டால் எந்த வங்கியும் கடன் தராது, எடுத்துவிட்டால் டெண்டரே வராது." அது பயமுறுத்தலா, உண்மையா?

ஷரத்து:
அதில் உண்மை இருக்கிறது. தண்ணீரை வாங்க ஒரே ஆள்தான் உண்டு, அது உங்கள் நகராட்சி. அந்த ஒரே ஆளும் 'வேண்டும்போது எடுப்பேன்' என்றால் 300 கோடி கடன் கொடுக்கிறவன் எதை நம்பிக் கொடுப்பான்? ஆகவே டேக் ஆர் பேயை நீக்கச் சொல்லாதீர்கள். எப்போது தொடங்குகிறது, எந்த அளவில், எதற்கு என்ற மூன்றையும் வரையறுக்கச் சொல்லுங்கள்.

அளவு: முதலாண்டு 50%, பிறகு 65, 80, நான்காம் ஆண்டிலிருந்து 90. உங்கள் பகிர்மானக் குழாய் வேலை எந்த வேகத்தில் முடியும் என்பதை ஒட்டி இந்தப் படிகள் இருக்கட்டும். ஆலை முடிந்து தெருக்குழாய் முடியாமல் கிடப்பதுதான் இத்தகைய திட்டங்களில் அடிக்கடி நடப்பது. இரண்டு வேலைக்கும் டெண்டர் வேறு, நிதி வேறு, அதிகாரி வேறு.

தொடக்கம்: 'டீம்டு கம்ப்ளீஷன்' என்றொரு ஷரத்து உள்ளே எங்காவது இருக்கும், தேடுங்கள். நகராட்சி தரவேண்டிய ஒன்று தாமதமாகி, அதனால் ஆலையை ஓட்டிப்பார்க்க முடியவில்லை என்றால், ஆலை முடிந்துவிட்டதாகவே கருதி நிலையக் கட்டணம் ஓடத் தொடங்கும். நகராட்சி தரவேண்டியவை என்னென்ன: நீரெடுக்க நீர்வளத் துறை அனுமதி, நிலம், நெடுஞ்சாலைத் துறையின் சாலை வெட்டும் அனுமதி, ரயில் பாதையைக் கடக்கும் அனுமதி, உயரழுத்த மின் இணைப்பு. இதில் ரயில்வேயும் மின் இணைப்பும் உங்கள் கையில் இல்லை. அவற்றுக்கு விண்ணப்பித்துப் பின்தொடரும் பொறுப்பை நிறுவனத்திடம் மாற்றி, நகராட்சி கையெழுத்து, கட்டணம் ஆகியவற்றோடு நிற்கட்டும். நெடுஞ்சாலைத் திட்டங்களில் 80% நிலம் கையில் வந்த பிறகே பணி தொடங்கும் நாளை அறிவிப்பது ஏன் என்றால் இதே தொல்லைக்காகத்தான்.

அடுத்து, 'உறுதி செய்யப்பட்ட லாபம்' என்ற சொல் எந்த வடிவில் இருந்தாலும் ஏற்காதீர்கள். டெல்லி–நொய்டா டி.என்.டி. சுங்கப் பாலம்தான் பாடம். 1997 ஒப்பந்தம், மொத்தத் திட்டச் செலவின் மேல் ஆண்டுக்கு 20% வருமானம் உறுதி, குறையும் தொகை திட்டச் செலவோடு சேரும். சுமார் 400 கோடியில் கட்டிய பாலத்தின் 'மீட்கவேண்டிய செலவு' சுங்கம் வசூலிக்க வசூலிக்க ஏறிக்கொண்டே போனது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சுங்கத்தை நிறுத்தியது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாலத்தில் குறை இல்லை, சூத்திரத்தில் குறை.

கடைசியாக முறிவுத் தொகை, அதாவது ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் நிறுவனத்துக்குக் கொடுக்கவேண்டியது. தேசிய நெடுஞ்சாலை மாதிரி ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் தவறால் முறிந்தால் நிலுவைக் கடனில் 90%, காப்பீட்டைக் கழித்து. அரசின் தவறால் முறிந்தால் முழுக் கடனோடு சரிக்கட்டிய பங்கு மூலதனத்தின் 150%. உங்கள் வரைவில் சதவீதத்தைவிட 'நிலுவைக் கடன்' என்பதன் விளக்கத்தைப் பாருங்கள். நிதி முடிவின்போது (வங்கிக் கடன் உறுதியாகும் கட்டம்) காட்டிய கடன் அட்டவணைக்கு மேல் போகக்கூடாது. பிற்பாடு நிறுவனம் ஆலையை அடகு வைத்து வாங்கும் கூடுதல் கடனும் அதில் சேர்ந்தால், அது உங்கள் ஊர் மக்களின் கடன்.

பம்ப்ஹவுஸ்:
எல்லாரும் ஷரத்தே பேசுறீங்க. பணம் கசியுற இடம் மீட்டர்.

மீட்டர் எங்க வைக்குறாங்கன்னு பாருங்க. ஆலை வாசல்ல வைச்சா 22 கி.மீ. குழாய்ல கசியறதுக்கும் நீங்கதான் பணம் கட்டணும். உங்க தொட்டிக்குள்ள நுழையுற இடத்துல இருக்கணும். முழு விட்டம் கொண்ட மின்காந்த ஓட்டமானி, துல்லியம் 0.5%, ஒன்றன்பின் ஒன்றா ரெண்டு. முன்னால குழாய் விட்டத்தைப் போல அஞ்சு மடங்கு, பின்னால மூணு மடங்கு நேர்க்குழாய் வேணும். வளைவுக்குப் பக்கத்துல மாட்டினா எந்த பிராண்டும் சரியா காட்டாது. ரெண்டுக்கும் 2%க்கு மேல வித்தியாசம் வந்தா குறைஞ்ச அளவுக்கு பில், அப்புறம் பாலக்காடு எஃப்.சி.ஆர்.ஐ. மாதிரி ஆய்வகத்துல அளவுத்திருத்தம். 30 எம்.எல்.டி.ல 2% கூடக் காட்டினா நாளைக்கு 600 கிலோ லிட்டர்; 20 ரூபா விலையில வருஷம் 43.8 லட்சம்.

அடுத்தது கரண்ட். 'மின் கட்டணம் அப்படியே நகராட்சி ஏற்கும்'னு இருந்தா அடிச்சுடுங்க. பம்பு தேயத் தேய யூனிட் கூடும், மாத்த அவங்களுக்கு அவசரம் இருக்காது. மொத்தத் தூக்கு உயரம் 80 மீட்டர், பம்பும் மோட்டாரும் சேர்ந்து திறன் 70%ன்னா கிலோ லிட்டருக்கு 0.31 யூனிட். (உயரத்தை 367ஆல வகுத்து, திறனால வகுக்கணும், அவ்வளவுதான்.) திறன் 55%க்கு விழுந்தா 0.40. முழு அளவுல ஓடினா நாளைக்கு 2,500 யூனிட்டுக்கு மேல வித்தியாசம். யூனிட் 8 ரூபான்னு வைச்சா வருஷம் 74 லட்சம். அதனால ஏலத்துலயே 'கிலோ லிட்டருக்கு இத்தனை யூனிட்'னு அவங்க வாயால சொல்ல வைச்சு, அந்த யூனிட் × மின்வாரியம் அப்போ வாங்குற விலைன்னு மட்டும் கொடுங்க. மின்சாரத்தைத் திறனில்லாம இழுத்தா வர்ற பவர் ஃபேக்டர் அபராதம், அனுமதிச்ச அளவுக்கு மேல இழுத்தா வர்ற டிமாண்ட் கட்டணம் ரெண்டும் அவங்க தலையில. கடல்நீர் ஆலைன்னா இந்த ஒரு ஷரத்து பத்து மடங்கு முக்கியம், அங்க கிலோ லிட்டருக்கு 3.5 முதல் 4 யூனிட் போகும்.

கலங்கல்: வெள்ளம் வந்தா ஆத்துத் தண்ணி சேறாத்தான் வரும். எந்த அளவு கலங்கல் வரைக்கும் அவங்க பொறுப்புன்னு எண் வேணும், அஞ்சு வருஷ ஆத்துத் தரவை வைச்சு. எண் இல்லன்னா ஒவ்வொரு ஐப்பசியும் 'இயற்கைச் சீற்றம்'னு ஆலையை நிறுத்திட்டு நிலையக் கட்டணம் கேப்பாங்க. வெளியே வர்ற தண்ணி ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தின்படி கலங்கல் 1 அலகு, மீதக் குளோரின் 0.2 மி.கி. தொட்டி வாசல்ல அளக்கணும், ஆலைல இல்ல.

இன்னொண்ணு. நிலையக் கட்டணம் வாங்கணும்னா 30 எம்.எல்.டி. கொடுக்க முடியும்னு ஆறு மாசத்துக்கொரு தடவை 72 மணி நேரம் ஓட்டிக் காட்டணும்னு எழுதுவாங்க. கேட்க நல்லா இருக்கும். உங்க ஊர்ல 18தான் விட இடம் இருக்கு, மீதி 12ஐ எங்க ஊத்துறது? சோதனையே நடக்காம 'சரி'ன்னு கையெழுத்தாகும். தண்ணியைத் திருப்பி ஆத்துக்கோ ஏரிக்கோ விடுற ஒரு கிளைக்குழாய் இப்பவே வரைபடத்துல இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:
பம்ப்ஹவுஸ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்னை மீஞ்சூர் கடல்நீர் ஆலை (100 எம்.எல்.டி., 2010) கட்டி, சொந்தமாக வைத்து, இயக்கி, கடைசியில் ஒப்படைக்கும் முறை; தொடக்க ஒப்பந்த விலை 48.66 ரூபாய். நெம்மேலி முதல் ஆலை (100 எம்.எல்.டி., 2013) வேறு வகை: கட்டும் செலவு அரசுடையது, ஒப்பந்ததாரருக்குக் கட்டுமானமும் ஏழாண்டு இயக்கமும். அளவு ஒன்றுதான், கடன் யார் பெயரில் என்பது வேறு. மீஞ்சூர் பங்காளிகளில் ஐ.வி.ஆர்.சி.எல். 2018இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. இன்னொரு பங்காளியான பெஃபெசாவின் தாய் நிறுவனமாக இருந்த அபெங்கோவா 2015இல் கடன் நெருக்கடியில் விழுந்தது. ஆக, தாய் நிறுவனம் விழுந்தால் கடன் கொடுத்த வங்கி வேறு இயக்குநரை அமர்த்தும் மாற்று ஒப்பந்தம் உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் கையெழுத்திட்டால் அந்த நாளில் குழாயில் தண்ணீர் நிற்கும்.

கரைமேடு:
இவ்வளவு தலைவலிக்கு ஹேம் (ஹைப்ரிட் ஆன்யுயிட்டி) முறையில் போகலாமே? கங்கைத் திட்டத்தில் ஹரித்வார், வாரணாசி கழிவுநீர் நிலையங்களுக்கு அப்படித்தான் செய்தார்கள்: கட்டும்போது 40%, மீதி 60% பதினைந்து ஆண்டுத் தவணையாக, வட்டியோடு. இயக்கக் கட்டணம் தனி, தரம் குறைந்தால் பிடித்தம். கிலோ லிட்டர் கணக்கே வராது.

ஷரத்து:
ஹேம் நல்ல வழிதான், எனக்கும் இதற்கு அதுவே பிடிக்கும். ஆனால் 40%ஐ கட்டும்போதே யார் வைப்பது? 2020இல் திருத்திய வி.ஜி.எஃப். திட்டத்தில் (தனியாருக்கு வருமானம் போதாத திட்டங்களுக்கு அரசு தரும் மானியம்) குடிநீருக்கு மத்திய அரசு 30%, மாநிலம் 30% வரை தரலாம். நிபந்தனை, இயக்கச் செலவு முழுவதும் கட்டணத்தில் மீளவேண்டும். உங்கள் ஊரில் வீட்டுக்குக் குடிநீர்க் கட்டணம் எவ்வளவு, வசூல் எத்தனை சதவீதம்? அதைச் சொல்லாமல் எந்த முறை ஏற்றது என்று பேச முடியாது. ஹேம் தவணையும் 15 ஆண்டுக்கு நிற்காமல் கட்டவேண்டிய கடன்தான். அதற்கென எஸ்க்ரோ கணக்கில் (ஒப்பந்த வரிசைப்படி மட்டுமே பணம் எடுக்கக்கூடிய தனி வங்கிக் கணக்கு) வரி வருவாய் முதலில் போய் விழும், துப்புரவுப் பணியாளர் சம்பளம் அதற்குப் பிறகு என்று எழுதிவிடுவார்கள். அந்த வரிசையை நகர்மன்றம் தெரிந்தே ஒப்புக்கொள்ளவேண்டும்.

வார்டு12:
வசூல் 70% அளவில். மாதக் கட்டணம் மீட்டர் இல்லாமல் வீட்டுக்கு ஒரே தொகை. வரைவின் இணைப்புகளை எங்களுக்குத் தரவில்லை, முதன்மை ஒப்பந்தம் மட்டும் தந்தார்கள்.

ஷரத்து:
இணைப்பு இல்லாத ஒப்பந்தத்தில் வாக்களிக்காதீர்கள். படிகள், மீட்டர், மின் யூனிட், பிடித்தம், கடன் அட்டவணை எல்லாம் இணைப்பில்தான் இருக்கும். நகர்மன்றத் தலைவருக்கும் ஆணையருக்கும் எழுத்தில் கேளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றைத் தனித்தனியாக: தேவைக் கணிப்பு அறிக்கை, ஆலோசகரின் நிதிக் கணக்கீட்டு எக்செல் கோப்பு, இடர்ப் பங்கீட்டு அட்டவணை. 'வணிக ரகசியம்' என்று 8(1)(டி) காட்டி மறுத்தால், பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதைச் சுட்டி மேல்முறையீடு. தேவைக் கணிப்பு நகராட்சியின் சொந்த ஆவணம், அதில் யாருக்கும் வணிக ரகசியம் கிடையாது.

பம்ப்ஹவுஸ்:
எக்செல் கிடைச்சா முதல்ல எடுப்புன்னு இருக்குற வரிசையில 27க்கு பதிலா 18 போட்டுப் பாருங்க. அப்புறம் வசூல் 70%. நகராட்சி வரவு எந்த வருஷத்துல மைனஸ் ஆகுதுன்னு அதுவே சொல்லும்.